தயார்நிலைத் தேர்வுக்கு எங்கள் குடும்பம் தயாரான வரலாறு

“அப்போ, தப்பான பதில்னு ஒண்ணுமே கிடையாதா?”

“கிடையாதாம் மாமா. முதல் பக்கத்துலயே போட்டிருக்கு.”

“தப்பான பதில் இல்லாத பரீட்சையை நான் என் சர்வீஸ்ல பார்த்ததே இல்லம்மா. இதுல ஏதோ சூது இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான் படுது,” என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

பெண்கல்விக்காக ஆண்கள் செய்த தியாகங்களின் முழு வரலாறு என்றைக்காவது எழுதப்படுமானால், அதன் முதல் அத்தியாயம் எங்கள் வீட்டுக் கூடத்தில், இந்த உரையாடலில்தான் தொடங்க வேண்டும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நான் என்ன செய்ய?

சூதைக் கண்டுபிடித்தவர் என் அப்பா. தேர்வு நடத்தும் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் வீட்டில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதென்றால், முத்திரை உடையாமல் இருந்தது என்பதற்கு இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். கண்ணைத் திறக்காமல் ஆமோதித்தவர் என் அண்ணன். மெத்தைக் கடையில் விற்பனைப் பிரிவு. வேலையை வீட்டுக்கும் கொண்டுவரும் அளவுக்குக் கடமை உணர்ச்சி உள்ளவர். மாலையில் சோபாவில் சாய்ந்தால் சாய்ந்ததுதான். அடுத்து நான், இளையவன். எனக்கு வேலை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். எந்த வேலைக்குப் போகலாம் என்று முழுநேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் உண்மை. அம்மாவோ, என் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். அந்த வாரம் மூன்றாவது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. ஏன் வரவில்லை என்று போனில் கேட்டால் சிரிக்கிறார். காரணம் எங்களுக்குப் பிடிபடவில்லை.

தேர்வு எழுத வேண்டியவர் அண்ணி. வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டரில் புகார் கவுன்டர் அவருடையது. காலையிலிருந்து மாலை வரை மனிதர்கள் வரிசையில் நின்று, முறைப்படி, ஒருவர் பின் ஒருவராக அவரைப் பார்த்துக் கத்திவிட்டுப் போவார்கள். ஒருவர் மெஷினின் கதவை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்து, “நீயே இதுகிட்ட கேளு” என்றாராம். மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அண்ணிக்கு ஆசை வந்தது. ஓர் ஆன்லைன் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க விண்ணப்பித்தார். அதே நேரத்தில் சர்வீஸ் சென்டரில் ஊழியர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பிரிவு திறக்கப்போவதாகவும், இந்த வருடம் உளவியலில் சேருகிறவருக்கே அந்தப் பிரிவின் நாற்காலியும் தனி அறையும் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த அறைக்குக் கதவு உண்டாம். அதை மூடினால் மூடிக்கொள்ளுமாம். அண்ணி இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சிலர் கடலைப் பற்றித்தான் அப்படிப் பேசுவார்கள்.

ஆனால் சேருவதற்கு முன் ஒரு தேர்வு. ‘கற்றல் தயார்நிலைத் தேர்வு.’ ஒருமுறைதான் எழுதலாம். தேறாவிட்டால் அடுத்த வருடம்தான். அதற்குள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து, கதவையும் மூடிக்கொண்டிருப்பார். தேர்வில் கணக்கு, இலக்கணம் எதுவும் கிடையாது. படிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும், வீட்டில் யார் உதவுவார்கள், அமைதியான இடம் இருக்கிறதா, இப்படித்தான் கேள்விகள். ‘உண்மையைச் சொன்னால் போதும்’ என்று கீழே ஒரு வரி.

அந்த வரியைப் படித்ததும் அப்பாவின் முகம் இருண்டது.

“தயாரிப்பு இல்லாம உண்மையைச் சொல்லக் கூடாதும்மா. மாட்டிப்போம்.”

இவ்வாறாகத் தோன்றியதுதான் ‘அண்ணி தயார்நிலைத் தயாரிப்புக் குழு’. தலைவர் அப்பா. துணைத்தலைவர் அண்ணன், அவர் தூங்கிக்கொண்டிருந்ததால் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். செயலாளர் நான். குழு தினமும் மாலையில், அண்ணி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் நேரத்தில் கூடும். பயனாளி இல்லாமல் பயன் கிடைக்காது அல்லவா? குழுவுக்குத் தேநீர் போடும் பொறுப்பை அண்ணியே மனமுவந்து ஏற்றுக்கொண்டார். அதாவது, வேறு யாரும் ஏற்கவில்லை.

முதல் கூட்டத்தின் பொருள்: அண்ணிக்கு நேரம் கிடைப்பதில்லை. இது பற்றி மிக விரிவாக விவாதித்தோம். மணி எட்டானதும், சாப்பாட்டு இடைவேளையை அண்ணியே அறிவித்தார். அது எப்போது தயாராகும் என்பது அவருக்குத்தானே தெரியும்? சாப்பிட்டுவிட்டு மீண்டும் கூடி, நேரம் கிடைக்காதது வருத்தத்துக்குரியது என்று தீர்மானம் நிறைவேற்றினோம். பாத்திரம் கழுவும் சத்தத்தில் தீர்மானத்தின் கடைசி வரி சரியாகக் கேட்கவில்லை. “கொஞ்சம் மெதுவாக் கழுவும்மா,” என்று அப்பா அன்பாகச் சொன்னார்.

மறுநாள் மாதிரித் தேர்வு.

“வாரத்துக்குப் படிக்க எத்தனை மணி நேரம் கிடைக்கும்?” என்று அப்பா கணீரென்று வாசித்தார்.

அண்ணி யோசித்தார். “அது... பஸ்ல உக்கார இடம் கிடைக்கறதைப் பொறுத்து மாமா.”

குழு அதிர்ந்தது.

“இப்படி எழுதினா இருக்கற மார்க்கையும் பிடுங்கிப்பாங்க,” என்றார் அப்பா.

“இருபத்தஞ்சு மணி நேரம்னு போடு,” என்றார் அண்ணன் சோபாவிலிருந்து.

“எங்கேருந்துங்க வரும் அது?”

“அதை அவங்க கேக்கலையே.”

அண்ணனின் கூர்மை எப்போதும் இப்படித்தான், படுத்த நிலையில்தான் வெளிப்படும்.

அடுத்த கேள்வி: வீட்டு வேலைகளை உங்களுடன் பகிர்ந்துகொள்வோர் யார்?

“யாரும்...” என்று அண்ணி ஆரம்பித்தார்.

“‘யாரும்’ இல்லம்மா, ‘எல்லாரும்’,” என்று திருத்தினார் அப்பா. “அதையும் மொட்டையா எழுதக் கூடாது. விவரம் குடுத்தாதான் முழு மார்க்.”

எனவே விவரம் கொடுத்தோம். சமையல், அப்பா. துணி துவைப்பது, அண்ணன். பாத்திரம் கழுவுவதும் கடைக்குப் போவதும், நான். எழுதி முடித்து உரக்க வாசித்தபோது மூவருக்கும் நெஞ்சு நெகிழ்ந்துபோனது. எங்களைப் பற்றி இவ்வளவு நல்ல செய்திகள் இத்தனை நாள் எங்கள் காதுக்கே எட்டாமல் இருந்திருக்கின்றன.

“நான் என்ன சமைக்கறேன்னு கேட்டா?” அப்பாவுக்கு ஒரு சந்தேகம்.

“‘எல்லாமே’ன்னு சொல்லிடலாம்,” என்றேன்.

“மாமா, அப்படின்னா நாளையிலேருந்து நீங்க...” என்று அண்ணி மெல்ல இழுத்தார்.

“நடுவுல பேசாதம்மா. முதல்ல மனப்பாடம் பண்ணு.”

மூன்றாவது கேள்வி, அமைதியான இடம். இதைப் பற்றி நாங்கள் நடத்திய விவாதத்தின்போது கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டி, யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நிபுணர் ஒருவரின் ஆலோசனையும் தேவை என்று குழு கருதியது. பக்கத்துத் தெருவின் கியர் மாஸ்டரை அழைத்து வந்தேன். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். வட்டாரத்தில் எல்லோரும் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டதால் பலகையை மாற்றி எழுதி, ‘அனைத்து வகைத் தேர்வுகளுக்கும் பயிற்சி’ என்று தொழிலை விரிவுபடுத்தியவர். அண்ணியை மேஜை முன்னால் உட்காரவைத்து, கீபோர்டின் இரு ஓரங்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

“கேள்வி வந்ததும் பாஞ்சுடக் கூடாது மேடம். முதல்ல பின்னாடி பாக்கணும். அப்புறம் சைடு. எல்லாம் கிளியரா இருந்தா மெதுவா பதிலை எடுக்கணும்.”

“இது கம்ப்யூட்டர்ல எழுதற தேர்வு மாஸ்டர்.”

“எல்லா டெஸ்டும் ஒண்ணுதான் மேடம். ஒரு கால் மட்டும் எப்பவும் பிரேக் மேலயே இருக்கட்டும்.”

அண்ணி மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே அவருடைய கால்களும், காலையில் அவர் தேடிய என் சட்டையும்தான் இருந்தன.

அன்று இரண்டு சுற்றுத் தேநீர். கியர் மாஸ்டருக்கு முதுகுவலி என்று தெரிந்ததும் பேச்சு மெத்தைப் பக்கம் திரும்பியது. அண்ணன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். வரலாற்று மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய மாலை அது.

குழுவுக்குச் சோதனைகளும் வராமல் இல்லை. ஒருநாள் கூட்டம் தொடங்கியபோது பயனாளியைக் காணவில்லை. தேடிப் போனால், மாடிப்படியில் உட்கார்ந்து போனில் எதையோ வாசித்துக்கொண்டிருக்கிறார். பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் உளவியல் பாடத்தின் முதல் அத்தியாயமாம். சுவரில் சாய்ந்து, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார். ஒரு வரிக்குத் தனியாகச் சிரித்தார்கூட.

“அண்ணி! அங்க எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்கோம். தயாரிப்பு நேரத்துல இப்படிப் படிச்சுக்கிட்டிருந்தா எப்படி?”

“இதோ வந்துட்டேன் தம்பி. ஒரே ஒரு பக்கம்.”

“அப்பா டீ கேக்கறார்.”

அண்ணி போனை அணைத்தார். குழு அவரைக் கண்டிக்கவில்லை. வருத்தம் மட்டுமே தெரிவித்தது. அந்த அளவுக்குப் பெருந்தன்மை எங்களிடம் எப்போதும் உண்டு.

தேர்வு நாள் வந்தது. விடுமுறை நாள். யாரும் கேட்காதபோதும் அப்பா ஒரு ஹால் டிக்கெட் தயாரித்து, அதில் அண்ணியின் படத்தை ஒட்டி, படத்தையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்து, “சரி, போகலாம்” என்று அனுமதித்தார். கரண்டியால் தட்டில் மணி அடித்தார். கியர் மாஸ்டர், ‘முந்த வேண்டாம், ஹாரன் வேண்டாம், வாழ்த்துகள்’ என்று செய்தி அனுப்பியிருந்தார். நாங்கள் மூவரும், தேர்வைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் கேமராவில் விழாதபடி, பக்கவாட்டில் இருந்த சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டோம். மனபலம் தருவதற்கு.

அண்ணியின் பதில்கள் தடையின்றி வந்தன. இருபத்தைந்து மணி நேரம். தனி அறை. அமைதி. ‘வேலைகளைப் பகிர்ந்துகொள்வோர்’ என்ற கேள்வியில் மட்டும் விரல் நின்றது. எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டி ஊக்கப்படுத்தினோம். அவர் தட்டச்சு செய்தார். ஒவ்வோர் எழுத்தும் விழும்போது என் மனதில் ஒரு பூ விழுந்தது.

“அவ்வளவுதானே?” என்றார் அண்ணன். “கொஞ்சம் கண்ணசரலாமா?”

“இன்னும் ஒண்ணு இருக்குங்க.” அண்ணி திரையை வாசித்தார். “‘இது செய்முறைப் பகுதி. நீங்கள் குறிப்பிட்ட குடும்பத்தினரில் ஒருவரிடம் இப்போது ஒரு சிறிய உதவி கேளுங்கள். அது கிடைத்ததும் கீழே உள்ள பொத்தானை அழுத்துங்கள். நேரம் முடிவதற்குள் அழுத்தாவிட்டால் தேர்வு நிறைவு பெறாது.’”

கூடத்தில் ஒரு நிசப்தம். அமைதியான இடம் என்று நாங்கள் எழுதியது அந்த நொடியில்தான் முதன்முறையாக உண்மையானது.

“செய்முறையா?” அப்பா எழ முயன்று, சோபா ஆழமாக இருந்ததால் முடிவை மாற்றிக்கொண்டார். “இது சிலபஸ்லயே இல்லையே!”

“மாதிரிப் பதில் என்ன?” என்றார் அண்ணன்.

“பதில் இல்லீங்க. செய்யணும்.”

“சும்மா அழுத்திடும்மா.”

“கேமரா பாத்துக்கிட்டிருக்கு மாமா.”

இங்கே நான் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அண்ணிக்காக நாங்கள் எதையும் செய்வோம். ஒரே சிக்கல், இதுவரை அவர் எங்களிடம் ‘இதை’ என்று சொல்லிக் கேட்டதில்லை.

“எனக்கு ஒரு டம்ளர் தண்ணி வேணும்,” என்றார் அண்ணி.

குழு உடனடியாக அவசரக் கூட்டம் கூடியது, உட்கார்ந்த இடத்திலேயே.

“தண்ணி சமையலறையில இருக்கு. சமையல் அப்பா பிரிவு,” என்றார் அண்ணன்.

“டம்ளர் பாத்திரக் கணக்குல வருது. அது சின்னவன் பிரிவு,” என்றார் அப்பா.

“எனக்குக் கழுவற பொறுப்புதான் குடுத்திருக்கீங்க. எடுக்கற பொறுப்பு இல்ல,” என்று நான் பதிவு செய்தேன். “வேணும்னா, அண்ணி குடிச்சு முடிச்சதும் எங்கிட்ட குடுக்கட்டும்.”

“அதிருக்கட்டும்,” அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “டம்ளரெல்லாம் எங்கடா இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார்.

“இவளே,” என்று அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டார், மிகுந்த கனிவோடு. “நீ ஒரு நிமிஷம் வந்து டம்ளரை மட்டும் எடுத்துக் குடுத்துடேன். அப்படியே தண்ணியும் பிடிச்சுட்டா, நாங்க கொண்டுவந்து குடுத்துடறோம்.”

அண்ணி எழவில்லை. திரையின் ஓரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். கவுன்டரில் வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பதுபோல எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் மூவரும் சோபாவில், தோளோடு தோள் ஒட்டி, முழுத் தயார்நிலையில் உட்கார்ந்திருந்தோம்.

“மாமா... என்னங்க... தம்பி...” என்றார் அண்ணி. “யாராவது ஒருத்தர் எழுந்திருங்களேன்.”