கடலுக்கு முதுகு காட்டிய வைசாக் பாய்

பை வாங்கப் போனவனின் காலை உடைத்துவிட்டு, அதற்கு ஈடாக அவன் குடும்பத்தை விசாகப்பட்டினம் வரை கூட்டிப்போய் வந்த கடைக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கள்ளக்குறிச்சி வைசாக் பாய்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பை, பெட்டி விற்கிற கடை வைத்திருக்கிறார். இளவயதில் விசாகப்பட்டினத்தில் அவருடைய மாமா கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தார். அந்த மூன்று வருடத்தைத்தான் இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஊரை அவர் வைசாக் என்றே சொல்வதால், அந்தப் பெயரே அவருக்கும் நிலைத்துவிட்டது. திருக்கோவிலூர்க் கல்யாணத்துக்குப் போகிறவர் பை வாங்க வந்தாலும், விசாகப்பட்டினத்து மேட்டில் எந்தச் செருப்பு வழுக்காது என்று தெரிந்துகொண்டுதான் வெளியே போக முடியும்.

என் மகள் வெண்ணிலாவுக்கு அதே விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. கடைக்குப் போய்ச் சொன்னேன். பாய் எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். நிஜமாகவே அந்த ஊருக்குப் போகிற வாடிக்கையாளர் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். சக்கரம் வச்ச பொட்டி வேணாம்."

"ஏன் பாய், எல்லாரும் அதத்தான எடுத்துக்கினு போறாங்க?"

"அந்த ஊரு பூரா ஏத்தம் எறக்கம். கைய வுட்டீங்கன்னா உங்களுக்கு முன்னாடி பொட்டி கடலுக்குப் போயிடும்."

மற்றவையும் வந்தன. வேர்வை ஜாஸ்தி, நூல் துணியே எடுத்துப் போங்கள். சோற்றில் போடும் பருப்புப் பொடி அங்கே காரம், முதல் வாய்க்குக் கம்மியாகப் பிசையுங்கள். வழி கேட்டால் இடமா வலமா என்று கேட்காதீர்கள், கடல் பக்கமா மலைப் பக்கமா என்று கேளுங்கள். எல்லாம் முடிந்தபின் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாப்பா சின்னப் பொண்ணு, நடந்துடும். உங்களுக்கும் அம்மாவுக்கும்தான் மேட்டுல நடந்து பழக்கம் இல்ல. ஞாயித்துக்கெழம கல்வராயன் மலை ரோட்டுல கொஞ்சம் ஏறிப் பாக்கலாம். நானும் வரேன்."

மூவரும் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போய், ஆட்டோ பிடித்து மலை ரோட்டில் இறங்கினோம். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது, "முட்டிய லேசா மடக்கிக்கினு எறங்குங்க சார்" என்றார் பாய். அதுவரை நான் முட்டியைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசித்தேன். சரளைக் கல்லில் கால் சறுக்கியது. கணுக்கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டுடன் வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் கல்லூரியில் சேர வேண்டும். என் மனைவி சுமதி சென்னையைத் தாண்டிப் போனதில்லை. பார்க்க வந்த உறவினர்கள், "பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு அனுப்பறது? இங்கயே ஒரு காலேஜ்ல சேத்துடு" என்றார்கள். சுமதி மறுத்துப் பேசவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த வெண்ணிலா, பையில் அடுக்கிய துணிகளை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் பாய் தன் மனைவி மும்தாஜுடன் வந்தார். மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் சொல்லித்தான சார் மலை ஏறுனீங்க. அம்மாகூட நாங்க ரெண்டு பேரும் போயி, பாப்பாவ சேத்துட்டு வரோம்."

"உங்களுக்கு எதுக்கு பாய் சிரமம்?" என்றேன்.

மும்தாஜ்தான் பதில் சொன்னார். "எனக்கும் அந்த ஊரப் பாக்கணும்ங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து காதாலயே பாத்துக்கினு இருக்கேன்."

நான்கு பேரும் போனார்கள். மற்றதெல்லாம் சுமதி போனில் சொன்னது. மாமா கடை இருந்த தெருவையே பாயால் கண்டுபிடிக்க முடியவில்லையாம். பழைய தெலுங்கில் பாதி மறந்துபோயிருந்தது. ஆனாலும் கடல் பக்கமா, மலைப் பக்கமா என்று கேட்டுக் கேட்டுக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பணமும் கட்டியாயிற்று. ஆனால் சுமதிக்கு மனம் ஒப்பவில்லை. பெண்ணைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனார்கள். பாய் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று, கரையில் இருந்த வெண்ணிலாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"இங்க அலை இழுக்கும் பாப்பா. கடலுக்கு எப்பவும் முதுகு காட்டிக்கினு நிக்கக்..."

அவர் பின்னால் வந்த அலை வாக்கியத்தை முடிக்க விடவில்லை. ஆளை அடித்துத் தள்ளி, திரும்பும்போது உள்ளே இழுத்தது. சுமதி உறைந்துபோய் நின்றாள். வெண்ணிலா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அலை தன்னையும் இழுக்காதபடி மணலில் உட்கார்ந்தாள். மும்தாஜ் சட்டைக் காலரைப் பிடித்தார். அடுத்த அலை வருவதற்குள் இருவருமாகக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். பாய் இருமினார். யாரும் சிரிக்கவில்லை.

மும்தாஜ் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டு, "சொல்லிக் குடுத்தது போதும். எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சி" என்றார்.

பாய் சுமதி பக்கம் திரும்பி, "பாப்பா ஓடி வராம அங்கயே நின்னிருந்தா இன்னிக்கி நான் இல்லம்மா. உங்க பொண்ணுக்குப் பயம் கம்மி. அது இங்க இருந்துக்கும்" என்றார்.

மறுநாள் சுமதியே வெண்ணிலாவின் துணிகளை ஹாஸ்டல் அலமாரியில் அடுக்கி வைத்தாள். வெண்ணிலாவை அங்கே விட்டுவிட்டு மூவரும் ரயில் ஏறினார்கள். ஊர் வந்து சேரும்வரை பாய் ஒரு வார்த்தை பேசவில்லையாம். உடம்பு சரியில்லையோ என்று மும்தாஜ் அடிக்கடி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

என் கால் சரியாகிவிட்டது. வெண்ணிலா எங்களுக்குப் போன் செய்துவிட்டு, அடுத்து பாய்க்குச் செய்கிறாள். கடைக்கு வருகிறவர்களிடம் "நான் வைசாக்ல இருந்தப்ப" என்று அவர் இப்போது ஆரம்பிப்பதில்லை. "நம்ம பொண்ணு வைசாக்ல படிக்குது" என்றுதான் ஆரம்பிக்கிறார். பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். யாருடைய பெண் என்று நான் திருத்தியதில்லை.