இருவர் ஒரே நொடியில் அழுத்தினால்

மாப்பிள்ளை தமிழ்மாறன் அவர்களுக்கு,

சாரம் பகுதியிலிருந்து உங்கள் மனைவியின் அண்ணன் எழுதுவது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்களும் தங்கை செந்தமிழ்ச்செல்வியும் நலம் என்று நம்புகிறேன். என் நலத்தை விசாரிக்கும் வழக்கம் உங்களுக்கு இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கம்பெனியில் ஏசி ஒழுகும் இடமாகப் பார்த்து எனக்கு நாற்காலி போட்டீர்கள், பொறுத்தேன். எம்.எஸ்சி. படித்தவனை வாடிக்கையாளர்களிடம் ‘நம்ம வீட்டு ஆளு’ என்று மட்டும் சொன்னீர்கள், அதையும் பொறுத்தேன். ஆனால் கல்யாண மண்டபம் பதிவு செய்யும் மென்பொருளுக்கு நான் எழுதிய சோதனையில் கை வைத்தீர்களே! இரண்டு பேர் ஒரே மண்டபத்தை, ஒரே முகூர்த்தத்துக்கு, ஒரே நொடியில் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். அதைப் பார்க்கும் சோதனை அது. பல தடவை தேறும், திடீரென்று ஒரு தடவை இருவருக்குமே மண்டபம் கிடைத்துத் தோற்கும். கோளாறு மென்பொருளில்தான் என்று உங்கள் அறைக்கு ஓடி வந்தேன்.

“ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாதான மச்சான் பிரச்சினை? ஒருத்தன செத்த நேரம் தூங்க வைங்க.”

“சோதனைல தூங்குவான் மாப்ள, முகூர்த்தத்துக்கு மண்டபம் தேடுறவன் தூங்குவானா?”

“எதுக்கெடுத்தாலும் நொட்ட சொல்லுங்க!”

உங்கள் செல்லப்பிள்ளை வினோத்குமார் சோதனையில் ஒரே வரி சேர்த்து, ஒரு நொடி பிந்தி வரும்படி இரண்டாவது ஆளைத் தூங்க வைத்தான். சோதனை தேறியது. எல்லாருக்கும் சமோசா வந்தது, எனக்குப் பாதி.

தை பிறந்தது. உழவர்கரை மண்டபத்தில் ஒரே மாலையில், நம் மென்பொருளில் பதிவு செய்த இரண்டு பெண் வீட்டார் சமையல்காரரோடும் அண்டாக்களோடும் வந்து இறங்கினார்கள். மண்டபக்காரர் கூப்பிட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். குருசுக்குப்பத்துப் பெண்ணின் சித்தப்பா, “எவன்டா அந்தக் கம்ப்யூட்டர்காரன்?” என்றதும் என்னைக் கை காட்டினீர்கள். இப்போது, தப்பு என்னுடையது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டுமாம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாமாம். தங்கையும் போனில், “ஒரு கையெழுத்துதானண்ணே, போட்டா தேஞ்சா பூடுவ?” என்கிறாள். தேயத்தான் செய்வேன். கோளாறைச் சொன்னவன் நான், செய்தவன் அல்ல.

குடும்பத்தோடு நோய்நொடி இல்லாமல் இருங்கள். குழந்தைகளுக்கு என் ஆசி.

பி.கு.: மேலே எழுதியதை நிரூபிக்க, தூங்க வைக்கும் வரியை நீக்கிவிட்டு என் சோதனையை மறுபடி ஓட்டினேன். தேறிவிட்டது. விடாமல் ஓட்டுகிறேன், தேறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஓட்டிப் பார்த்தால் என்னைப் புளுகன் என்பீர்கள். ஆகவே எழுதியவர் யார் என்று உங்களுக்குத் தெரியாதபடி, கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.