ஊரெல்லை தாண்டாத காப்பு

விசுவமடுவில் ஜெயரூபியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த வான் வீட்டு வாசல் படலையில் நின்றது. அவளுடைய புருஷன் ஜெயந்தனும் படலையில்தான் நின்றான், வழியை மறித்துக்கொண்டு.

“காப்புக் கட்டினவள் ஊரெல்லை தாண்டக்கூடாது, தங்கச்சி.”

வானோடு வந்திருந்த யதுர்ஷிகாவுக்கு இது புதுக்கதையாக இருந்தது. அந்தக் காப்பைக் கட்டிவிட்டவளே அவள்தான். கர்ப்பிணிகளின் மணிக்கட்டில் மாட்டினால் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அவர்கள் இருக்கும் இடத்தையும் கிளிநொச்சியிலுள்ள அவளது அலுவலகத்துக்கு அறிவிக்கும் கருவி அது. அழுத்தம் ஏறியதைப் பிந்திக் கண்டதால் அவளுடைய அக்கா குழந்தையைப் பறிகொடுத்தாள். அதன் பிறகுதான் யதுர்ஷிகா இருந்த வேலையை உதறிவிட்டு, நண்பன் சுமனோடு இந்த நிறுவனத்தைத் தொடங்கினாள்.

கருவிக்குத் ‘தாய்க்காப்பு’ என்று ஆசையாகப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் இப்போது காலை வாரியது. கோயிலில் காப்புக் கட்டினால், அதை அவிழ்க்கும்வரை அந்த வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சமாட்டார்கள், குடிவகை நுழையாது, கட்டியவர் ஊரைவிட்டு வெளியே போகமாட்டார்.

ஜெயரூபியின் காப்போ அழுத்தம் ஏறியதைக் காட்டிக் காலையிலிருந்து சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கால்கள் வீங்கியிருந்தன. இன்னொரு குழந்தையை விட்டுக்கொடுக்க யதுர்ஷிகா தயாராக இல்லை.

“அண்ணை, இது கோயில் காப்பில்லை. இது ஒரு மெசி…”

முடிக்குமுன் ஜெயந்தனின் தாய் கமலாசனி அவளுடைய காலை நன்றாக மிதித்தார். மிதித்துவிட்டு, வெயிலில் வந்த பிள்ளைக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைக்கட்டுமா என்று கேட்டார்.

சரி, கழற்றிவிடலாம் என்று யதுர்ஷிகா கையை நீட்டினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பிள்ளை பிறக்கும்வரை என்ன வந்தாலும் கழற்றக்கூடாது என்று ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னது யார் என்று ஜெயந்தன் கேட்டான். சொன்னது அவள்தான்.

“கனகலிங்கம் ஐயாவைக் கேப்பம். அவர் ஒரு வழி சொல்லுவார்,” என்றார் கமலாசனி.

பூசாரி கனகலிங்கம் தன் ஆயுளில் மின்னுகிற காப்பைக் கண்டதில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளவும் இல்லை. கண்ணை மூடி யோசித்துவிட்டு, காப்பைச் சும்மா கழற்ற முடியாது, வீட்டில் இன்னொருவர் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். ஜெயந்தன் அந்த இடத்திலேயே கையை நீட்டினான். பெண்சாதி மேல் அவனுக்கு அவ்வளவு அன்பு. மஞ்சள் தண்ணீர் தெளித்து, காப்பு அவன் மணிக்கட்டில் ஏறியது.

வான் புறப்படும்போதுதான் அதிலிருந்த வில்லங்கம் அவனுக்கு விளங்கியது. இப்போது ஊரெல்லை தாண்டக்கூடாதவன் அவன். கமலாசனிதான் மருமகளோடு ஏறினார்.

ஜெயரூபியைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே எடுத்த கையோடு, சுமன் அலுவலகத்திலிருந்து அழைத்தான்.

“யது, ஜெயரூபி ஓடுறா,” என்றான். “விசுவமடுவில வாய்க்கால் கரையால ஓடிக்கொண்டேயிருக்கிறா. துடிப்பு எக்கச்சக்கமா ஏறிப் போச்சு.”

ஓடுவது பதறிப்போன ஜெயந்தன் என்று அவள் விளங்கப்படுத்துவதற்குள், சுமன் பிரசவம் பார்க்கும் ஊர் மருத்துவமாதுக்குச் சொல்லிவிட்டான். அந்த அம்மா ஸ்கூட்டியில் கர்ப்பிணியைத் தேடி வயல் வரம்பெல்லாம் அலைந்து, கடைசியில் ஊரெல்லையில் தவித்துக்கொண்டு நின்ற ஒரு மீசைக்காரனைத்தான் கண்டுபிடித்தார்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். யதுர்ஷிகா ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று வெட்கப்படாமல் அழுதாள்.

அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புளியங்குளத்தில் அதே கருவிக்காக இன்னொரு தாய் காத்திருந்தாள். இப்போதே போய் ஜெயந்தனுக்கு உண்மையைச் சொல்லிக் கருவியைக் கழற்ற வேண்டும், முதல் வேலையாகப் பெயரை மாற்ற வேண்டும் என்று கமலாசனியிடம் சொன்னாள்.

கமலாசனி அவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அதை அவன்ர கையிலயே விட்டிடுங்கோ பிள்ளை,” என்றார் இரகசியமாக. “கோயில் காப்பெண்டு அவனுக்குச் சொன்னதே நான்தான். மூண்டு மாசமாக் கள்ளுத் தவறணைப் பக்கம் தலைவைச்சும் படுக்கேல்லை.”