எட்டு என்ற ஸ்டிக்கரைக் கிழித்தவர்

காலை 9.40. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் கணினிப் பெட்டிதான். நேற்றுவரை பளபளவென்று ஸ்டிக்கர் இருந்த இடத்தில், பென்சிலால் கட்டம் போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"யாருண்ணே இதைக் கிழிச்சது?"

"நாந்தேன்" என்றார், பக்கத்தில் நின்ற புதியவர். "அதுல எட்டுக் கோருன்னு போட்டிருந்துச்சு. உள்ள இருக்கிறது நாலு. பொய்ய ஒட்டி வச்சுக்கிட்டுச் செய்தி எழுதுவீகளா?"

திண்டுக்கல்லில் அன்றைக்கு இருந்த அத்தனை கணினிகளையும், செய்தவனைவிட, விற்றவனைவிட, வாங்கியவனைவிட நன்றாக அறிந்த ஒரே மனிதர் அவர்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. எங்கள் மாலைப் பத்திரிகைக்குக் கணினிப் பொறுப்பாளராக, தினமும் செம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். எந்த இயந்திரத்தைத் தொட்டாலும் முதலில் அதன் வரைபடத்தைத் தாளில் போட்டு ஒட்டிவிடுவார். ஒரே வாரத்தில் 'மேப்பு' என்ற பெயர் நிலைத்தது.

அவருடைய வேதம், கெர்னல். இயங்குதளத்தின் நடுவில் உட்கார்ந்து எல்லா வேலையையும் பங்கு வைக்கும் மென்பொருள் அது. கணினியின் மூளையான செயலி எப்படி அமைந்திருக்கிறது என்று தான் அறிந்ததை அது சின்னச் சின்னக் கோப்புகளாக வெளியே காட்டும். ஒவ்வொரு செயலி எண்ணுக்கும் 'டோப்பாலஜி' என்று ஓர் அடைவு, அதாவது ஃபோல்டர். அதற்குள் போனால் அந்த எண் எந்தச் சிலிக்கான் சில்லில், எந்தக் கோரில் இருக்கிறது, அதே கோரைப் பகிரும் கூட்டாளி எது என்பதெல்லாம் இருக்கும். யார் கேட்டாலும் சொல்லும். எங்கள் அலுவலகத்தில் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கோர் என்றால் அடுப்பு, செயலி எண் என்றால் அதில் நிற்கும் மாஸ்டர் என்று எனக்கு விளங்கியது ஒரு பிரியாணிக் கடையில். கடை முதலாளி எங்களிடம், "நம்மகிட்ட எட்டு மாஸ்டரு" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். மேப்பு எழுந்து சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அடுப்பு நாலுதேன் இருக்கு. அடுப்புக்கு ரெண்டு பேரு. ஒருத்தர் கிண்டுறப்ப மத்தவரு கரண்டியோட நிக்கிறாரு. இத எட்டுன்னு சொல்லலாமாண்ணே?"

"அப்பு, நீங்க சாப்பிட வந்தீகளா, சோதன போட வந்தீகளா?"

"ரெண்டுக்கும்" என்றார் மேப்பு. அன்று எங்கள் இலையில் விழுந்தவை பெரும்பாலும் எலும்புகள்.

எந்தச் சில்லு என்று கெர்னலுக்கே தெரியாத இயந்திரங்களும் உண்டு. அப்போது அந்தக் கோப்பில் மைனஸ் ஒன்று என்று இருக்கும். இதைச் சொல்லும்போது அவர் திரையைப் பார்த்துக் கும்பிடுவார். "பாத்தீகளா! தெரியாதத தெரியலன்னு சொல்லுது. நம்ம நிருபருக எவனாச்சும் சொல்லுவானா?"

நிருபர்கள் சவாலை ஏற்றார்கள். கூட்டம் எவ்வளவு என்று கேட்டால் "மைனஸ் ஒண்ணுண்ணே" என்று போனை வைத்தார்கள். 'விழாவுக்கு மைனஸ் ஒன்று பேர் திரண்டனர்' என்ற வரியைப் பக்கத்தில் ஏறுவதற்கு ஒரு நிமிடம் முன்பு பிடித்தேன்.

பிறகு புதுக் கணினி வந்தது. பக்கங்களை அச்சுக்கு மாற்றும் வேலையும், படங்களைச் சரிசெய்யும் வேலையும் அதில் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒன்றையொன்று இடிக்காதபடி, முதல் வேலையைச் செயலி 0-க்கும் இரண்டாவதைச் செயலி 1-க்கும் அவர் ஒதுக்கினார். அன்றிலிருந்து இயந்திரம் நகரவில்லை. மூன்று நாள், பழநிக்குப் போகும் 1.50 பஸ் எங்கள் பத்திரிகைக் கட்டு இல்லாமலேயே கிளம்பியது.

மூன்றாம் நாள் மாலை பழநி முகவர் ஆசிரியரைப் போனில் கூப்பிட்டார். "ஏனுங்க, கடைக்கு வர்றவங்களுக்கு நான் என்னங்க பதில் சொல்றது? நாளைக்கும் வரலீன்னா நிறுத்திக்கறனுங்க."

நான்காம் நாள் பகல் 12.30. இயந்திரத்தைத் திருப்பி அனுப்ப ஆசிரியர் ஆளுக்குச் சொல்லிவிட்டிருந்தார். மேப்பு மின்சாரத்தைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், மென்பொருள் எழுதியவனைத் திட்டினார். நான் புதுப் பெட்டியைப் பார்த்தேன். அதில் மட்டும் தாள் இல்லை.

"இதுக்கு மேப்பு போடலையாண்ணே?"

"இதுக்கு என்னத்துக்கு? பழசு மாதிரியேதேன். அதுல 0-க்குக் கூட்டாளி 4. அப்ப 0-வும் 1-ம் வேற வேற..."

உட்கார்ந்தார். கூட்டாளிக் கோப்பைத் திறந்தார். திரையில் மூன்றே எழுத்து: 0-1.

"ரெண்டு மாஸ்டரையும் ஒரே அடுப்புல நிப்பாட்டிப்புட்டேன்" என்றார். நான் கேட்டதிலேயே மெல்லிய குரல் அது.

இரண்டாவது வேலையைச் செயலி 2-க்கு மாற்றினார். 1.15-க்குப் பக்கங்கள் அச்சுக்குப் போயின. 1.50 பஸ்ஸில் கட்டு ஏறியது. ஆசிரியர் அனைவருக்கும் டீ சொன்னார். மேப்பு டீயைத் தொடாமல், ஒரு தாளோடு அவர் முன்னால் போய் நின்றார்.

"திருத்தம் போடணும்ண்ணே."

"என்ன திருத்தம்? செய்தியில ஒண்ணும் தப்பில்லையே?"

"என் தப்பு. எழுதியாந்திருக்கேன்."

ஆசிரியர் படித்தார். "ஏப்பா, பழநியில பஞ்சாமிர்தம் வாங்குறவனுக்கு இது புரியுமா?"

"புரியாட்டிப் போகட்டும். மூணு நாளு பேப்பர் வரலைல்ல? ஏன்னு அவுகளுக்குச் சொல்ல வேணாமா? கெர்னலு சரியாத்தேன் சொல்லியிருக்கு. படிக்காதது நான். பழி மெசின் மேல போகக் கூடாது."

ஆசிரியர் பேனாவை எடுத்துத் தாளில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து, என்னிடம் நீட்டினார்.

மறுநாள் இரண்டாம் பக்கத்தில் அது வந்தது: 'பழநி வாசகர்களுக்கு மூன்று நாள் இதழ் கிடைக்காததற்குக் கணினி காரணமல்ல. செயலி 0, செயலி 1 இரண்டும் ஒரே கோரில் இருப்பதைப் படித்துப் பார்க்காமல் வேலையைப் பிரித்தவர், எங்கள் கணினிப் பொறுப்பாளர்.'

மேப்பு கொண்டுவந்த தாளில் 'எங்கள்' என்ற சொல் இல்லை.