பலகையில் இல்லாத தூதுவன்

எந்த வரைபடத்திலும் இல்லாத நெடுவழி நாட்டில் எழுபத்திரண்டு சந்திகள் இருந்தன. சந்திக்கு ஒரு காவலர். பாலம் உடைந்திருந்தால், "தோப்பு வழியாப் போயிருங்க" என்று அவரே சொல்லிவிடுவார். மக்களும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வழித்துறைச் செயலரான எனக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. என்னைக் கேட்காமலே நாடு நடந்துகொண்டிருந்தால் நான் எதற்கு?

மன்னர் விசாலகீர்த்தியிடம் ஒரு திட்டத்தைச் சமர்ப்பித்தேன். சந்திகள் இனி யோசிக்க வேண்டாம். யோசனை முழுவதும் தலைநகரில், என் மண்டபத்தில் நடக்கும். யார் வந்தால் எந்தப் பக்கம் விடுவது என்று எழுதி, சந்திதோறும் ஒரு பலகை மாட்டுவோம். அதில் இல்லாதவர் வந்தால் நிறுத்திவைத்து, தூதுவன் மூலம் மண்டபத்தைக் கேட்க வேண்டும்.

"எழுபத்திரண்டு தலைகளுக்குப் பதில் ஒரே தலை!" என்றார் மன்னர்.

"அதுவும் தங்கள் தலை, மன்னா," என்றேன். மண்டபத்தில் உட்காரப்போவது என் தலைதான் என்பதை அவர் கவனிக்கவில்லை.

முதல் மாதமே ஒரு கல்யாணக் கோஷ்டி ஏழாம் சந்தியில் மாட்டிக்கொண்டது. நாதஸ்வரம் பலகையில் இல்லை. இரண்டு நாள் கழித்து மண்டபம் பதில் அனுப்பியது: "நாதஸ்வரம் போகலாம். ஊதுபவர் குறித்துப் பரிசீலனையில் உள்ளது." அந்தப் பதிலை எழுதியவனும் நானே. நடையில் ஒரு கம்பீரம் இருந்ததாக அன்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒற்றர் வந்திருப்பதாக ஒரு வதந்தி. மன்னர் பயந்துபோய், "அனைத்துச் சந்திகளும் இறுக்கப்படுக!" என்றார். புதிய பலகை எழுதினேன்: "இதில் பெயர் இல்லாத எவரும், விதிவிலக்கின்றி, கடக்கலாகாது. தலைநகர்த் தூதுவனன்றி எவரும் இப்பலகையை மாற்றலாகாது." 'விதிவிலக்கின்றி' என்பதை ஓசைக்காகச் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் எல்லாச் சந்தியிலும் மாட்ட வேண்டும் என்று உத்தரவு போனது.

அதே வெள்ளிக்கிழமை காலை மருதஞ்சேரியிலிருந்து சேதி வந்தது. என் மகள் பூங்கோதைக்கு வலி கண்டுவிட்டது; தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது. மருத்துவச்சி அங்கம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மூன்றாம் சந்திக்குப் போனபோது காவலர் முத்திருளன் அப்போதுதான் பலகையை மாட்டி முடித்திருந்தார். இருபது வருடமாக என்னைப் பார்த்தால் கும்பிடுகிற மனிதர்.

"ஐயா பேரு இதுல இல்லீங்களே."

"இதை எழுதினதே நான்தானய்யா!"

"அதுவும் இதுல இல்லீங்க."

"என் மக உசுருக்குப் போராடுறா, முத்திருளா."

"எனக்கும் மனசு கேக்கலீங்க. ஆனா காவலாளி யோசிக்கக் கூடாதுன்னு நீங்கதான வந்து பாடம் எடுத்தீங்க."

தூதுவனை அனுப்பிப் பலகையைத் திருத்தச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. தூதுவன் பெயரையும் நான் எழுதவில்லை. தலைநகரிலிருந்து எந்தச் சந்திக்குப் போவதானாலும் முதல் சந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். திருத்தம் வரும் வழியைத் திருத்த வேண்டிய பலகையே அடைத்துக்கொண்டிருந்தது.

அங்கம்மா வண்டியை விட்டு இறங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் பலகையப் படிச்சிக்கிட்டு நில்லுங்க. புள்ள அதப் படிச்சிட்டா பொறக்கப் போவுது?" சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயல் வரப்பில் இறங்கி நடந்தாள்.

முத்திருளன் வானத்தைப் பார்த்தார். "வரப்பப் பத்திப் பலகையில ஒண்ணும் இல்லீங்க."

நானும் இறங்கியிருக்கலாம். ஆனால் செயலர் வரப்பில் நடப்பதா? நின்றேன். நான்காம் நாள் அங்கம்மா அதே வரப்பில் திரும்பி வந்தாள். "பொட்டப் புள்ள. ரெண்டு உசுரும் சொகம். தாத்தா எங்கன்னு கேட்டாங்க. சந்தியில நிக்கிறாருன்னேன்." வெட்கத்தை விட்டு அழுதேன்.

வெற்றிலைக்கட்டு அரண்மனைக்கு வராததால், பலகை மாட்டிய மறுநாளே மன்னர் ஆணையை ரத்து செய்தாராம். ரத்து ஆணையைக் கொண்டுவந்த தூதுவன் இன்னும் முதல் சந்தியில் நிற்கிறான். நாட்டிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை என்று தலைநகரில் விழா நடந்தது. முரசு சத்தம் இங்கே வரை கேட்டது. மக்கள் எல்லோரும் வரப்பில் போய் வருகிறார்கள். மன்னரின் ஆணை எட்டு மாதமாக எந்த ஊருக்கும் போகவில்லை. போகாதது யாருக்கும் தெரியவும் இல்லை.

நேற்று பூங்கோதை குழந்தையோடு வந்து சந்தியின் அந்தப் பக்கம் நின்றாள்.

"அப்பா, வரப்புல எறங்கி வாங்க. பத்தடிதான்."

"முறைப்படி பலகை மாறட்டும்மா."

"அத யாருப்பா மாத்தணும்?"

"நான்தான்," என்று சொல்லிவிட்டு நின்றேன்.