தாய்மார்கள் அட்டையும் நானும்

லக்கோனியா,
நியூ ஹாம்ப்ஷயர்.
ஜனவரி 17

மரியாதைக்குரிய மைத்துனி கிளோடெட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லுசிலின் கணவன் நார்மண்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். வீட்டைச் சூடாக்கும் கொதிகலனும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் கடிதங்களை லுசில் பிரிப்பதே இல்லை என்று கேள்விப்பட்டேன், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். அவளைத் திரும்பி வரச் சொல்லி அல்ல. எனக்கும் மானம் ரோஷம் உண்டு. டி.வி.யில் என்னைப் பார்த்துவிட்டு ஊரே வாய்க்கு வந்தபடி பேசுகிறது. நடந்தது இன்னதென்று உங்களுக்காவது தெரியட்டும்.

ஜனாதிபதி பதவிக்குக் கட்சி வேட்பாளரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சமயம் வந்துவிட்டால் உங்கள் தங்கை வீடு தங்கமாட்டாள் என்பது உங்களுக்கே தெரியும். ஆளை நேரில் பார்த்துக் கை குலுக்காமல் ஓட்டுப் போடுவது, முகம் பார்க்காமல் சம்பந்தம் பேசுகிற மாதிரி அவளுக்கு. "ஒரே ஒரு தடவை என்கூட வந்து வரிசையில நில்லேன், நார்மண்ட்" என்பாள். "பனியில நின்னு சளி பிடிச்சுக்கவா? டி.வி.யில பார்த்தா போதாதா?" என்பேன். எட்டுத் தேர்தல் இப்படியே போயிற்று. அக்டோபரில் ஒன்பதாவது முறையும் அதையே சொன்னேன். அவள் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை, வேட்பாளர்களில் ஒருவரான கவர்னர் வெதர்பீ இங்கே ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் பேசினார். மருந்து விலை பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கத்தான் போனேன். லுசில் வரக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று காலை இரண்டு முறை சவரம் செய்தது தற்செயல்.

வெளியே இரண்டரை மணி நேரம் வரிசை. எனக்கு முன்னால் நின்ற டோரிஸ் என்ற அம்மாள் என் பெயரைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "லுசில் வீட்டுக்காரரா? அட, நிஜமாவே ஒரு ஆள் இருக்கீரா! அவ சும்மா சொல்றான்னுல்ல நினைச்சோம்! ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஃப்ளாஸ்க்கோட ரெண்டு கப் கொண்டுவருவாய்யா. இன்னொண்ணு எதுக்குடின்னு கேட்டா, அந்த மனுஷன் மனசு மாறி வந்துட்டா குடிக்கன்னு சொல்வா."

எட்டுத் தேர்தலாக, கிளோடெட். எனக்குத் தெரியாது.

உள்ளே நுழைந்ததும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பிரசாரக் குழுப் பெண் என் கையைப் பிடித்தாள். "ஐயா, நீங்க கவர்னருக்குப் பின்னால படியில நில்லுங்க. கேமராவுக்கு ஒரு விவசாயி வேணும்." "நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன்மா" என்றேன். "பரவால்ல, முகம் விவசாயி முகம்தான்" என்று சொல்லி, கையில் மிச்சமிருந்த ஒரே அட்டையைத் திணித்தாள். 'தாய்மார்கள் கவர்னர் பக்கம்' என்று அதில் எழுதியிருந்தது. பனித்தளத்தின் மேல் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். கால் விறைத்துப்போயிற்று. எனக்கு மருந்து விலை ஒன்றும் காதில் விழவில்லை. இரண்டாயிரம் முகத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கதவோரம் அவளுடைய நீலக் கம்பளித் தொப்பி தெரிந்தது. இளைத்திருக்கிறாள். நீங்கள் சரியாகச் சாப்பாடு போடுவதில்லையோ என்று நினைத்தேன், மன்னிக்கவும். "இந்த நாட்டில் யாரையும் தனியாகத் தவிக்க விடமாட்டேன்" என்று கவர்னர் குரல் தழுதழுக்கச் சொன்ன அந்த நேரம் பார்த்து, நான் அட்டையைத் தலைக்குமேல் ஆட்டி "லுசில்!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவன் யாரோ நோயாளி பெயர் என்று நினைத்து அவனும் கத்தினான். பிறகு அரங்கமே "லுசில்! லுசில்!" என்று தரையில் கால் தட்டிக் கத்தியது. கவர்னர் ஒரு கணம் விழித்துவிட்டு, "ஆமாம், லுசிலுக்காகத்தான் இந்தப் போராட்டம்!" என்று முழங்கினார். உங்கள் தங்கை தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. நான் இறங்கப் பார்த்தேன். "பேச்சு முடியற வரைக்கும் விவசாயி அசையக் கூடாது" என்று காவலுக்கு நின்றவன் தோளை அழுத்தினான். நாற்பது நிமிடம் கழித்து ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் கார் நின்ற இடத்தில் பனி விழுந்து மூடியிருந்தது.

அவள் இல்லாமல் வீடு நன்றாக இல்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம். நான் அங்கே வரப்போவதும் இல்லை, கெஞ்சப்போவதும் இல்லை. உங்கள் முழங்காலும் குடும்பமும் நலமாக இருக்கக் கடவுள் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
வீம்பில் சற்றும் குறையாத
நார்மண்ட் டிபோ

பி.கு.: தபால்தலை கிடைக்கவில்லை, கடிதத்தை நேரிலேயே கொண்டுவந்துவிட்டேன். உங்கள் வாசலில் மதியத்திலிருந்து காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு இன்னொரு வேட்பாளர் வருகிறார், ஒன்பது மணிக்கே வரிசை. லுசில் வருவாளா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பேசாமல் போய்விடுவேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை போய் நிற்பேன். எனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நிற்பேன். பின்னால் இருப்பவர்கள் 'முன்னால நகருய்யா' என்று திட்டுவார்கள். திட்டட்டும்.