வேலிக்குள் பச்சைப்புல்

"மேல சுத்துற செயற்கைக்கோள் இங்க புல்லு காஞ்சுபோச்சுங்குது. கீழ நிக்கிற என் டவர் ஈரமா இருக்குங்குது. ரெண்டுல ஒண்ணு புளுகுது," என்றாள் லோர்னா.

"தூரத்துல இருக்குறதுதான் புளுகும், டாக்டரம்மா," என்றார் டெல்பர்ட்.

கான்சஸில் அந்த ஆகஸ்டில் ஒரு சொட்டு மழை இல்லை. டெல்பர்ட் தன் மேய்ச்சல் நிலத்தில் ஒரு மூலையை வேலி போட்டு, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் லோர்னாவுக்குக் கொடுத்திருந்தார். புல்லிலிருந்து எவ்வளவு சூடும் ஈரமும் காற்றில் கலக்கிறது என்று அங்கே அவள் கருவிகள் மாட்டி நிறுத்தியிருந்த டவர் அளந்தது. அதையே செயற்கைக்கோள் படங்களை வைத்து மாவட்டம் முழுவதற்கும் கணக்குப் போட்டாள் லோர்னா. அவள் வரைபடத்தைப் பார்த்துத்தான் இருநூறு மாடுகளை இங்கேயே விடுவதா, வெள்ளிக்கிழமை வடக்கே ஓட்டுவதா என்று டெல்பர்ட் முடிவு செய்வார். கணக்குத் தப்பினால் மாடுகள் பட்டினி.

அத்தனை உயரத்திலிருந்து ஒரு வயலின் சூட்டைத் தொட்டுப் பார்த்த மாதிரி சொல்கிற கருவி! அதைச் சந்தேகிக்க அவளுக்கு மனசே வரவில்லை. ஆனால் வேலிக்குள் புல் பச்சையாகத்தானே இருந்தது?

"மாடு வாய் வைக்காத புல்லு. அப்படித்தான் இருக்கும்," என்றார் டெல்பர்ட்.

சரி என்று டவருக்கு ஏற்றபடி கணக்கில் புல் வேரின் ஆழத்தைக் கூட்டினாள். வரைபடத்தில் நெடுஞ்சாலை சதுப்பு நிலமானது. அதைச் சரிசெய்யக் காற்றின் வேகத்தைக் குறைத்தாள். சர்ச்சின் கார் நிறுத்துமிடம் குளத்தைவிட அதிகமாக ஆவி விட்டது. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் மாவட்டமே வெள்ளக்காடு.

"இதை நம்பினா மாட்டுக்கெல்லாம் நீச்சல் கத்துக் குடுக்கணும்," என்றார் டெல்பர்ட்.

லோர்னாவுக்கு அழுகை முட்டியது. "மூணு வருஷ உழைப்புங்க."

"விடு. உன் டவரை நம்பி மாடுங்களை இங்கயே விட்டுடறேன்."

அப்போது அவர் மனைவி ட்வைலா, முட்டைக்கோசும் கறியும் வைத்துச் சுட்ட ரொட்டியோடு வந்தாள். லோர்னாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏன் கண்ணு அழுவுற? உன் புல்லு காஞ்சா பரீட்சையில தோத்துடுவியேன்னுதானே, நான் தினம் சாயங்காலம் வேலிக்குள்ள தண்ணி ஊத்திட்டு வர்றேன்!"